நிறத்தை விடுங்க, துளையைப் பாருங்க: செங்கடல் பாலைவழிப் பாசிமணிகள்

வணக்கங்க. பழைய பாசிமணி கையில வந்தா எல்லாரும் முதல்ல நிறத்தைத்தான் பாக்குறாங்க. நிறம் ஏமாத்தும். துளையைப் பாருங்க. நகைக்கடையில வச்சிருக்குற 10 மடங்கு லென்ஸ் ஒண்ணு போதும்.

எகிப்துல செங்கடல் ஓரம் பெரெனிகேங்கிற பழங்காலத் துறைமுகம். அங்கேருந்து நைல் பக்கத்து கோப்டோஸ் வரைக்கும் ஒட்டகத்துல 12 நாள் பாலைவழி. வெயிலுக்காகப் பெரும்பாலும் ராத்திரியிலதான் நடப்பாங்கன்னு பழைய ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்காரு. பெரெனிகே அகழாய்வுல எகிப்து மணிகளோட நம்ம பக்கத்து, இலங்கைப் பக்கத்துக் கண்ணாடி மணிகளும் கிடைச்சிருக்கு.

எகிப்து மணிகள்ல ஃபையான்ஸ்னு ஒரு மெருகு போட்ட வகை உண்டு, அது கண்ணாடி இல்லங்க. 90 சதவீதத்துக்கு மேல குவார்ட்ஸ் தூள். கொஞ்சம் சுண்ணாம்பு, நேட்ரான்கிற இயற்கைச் சோடா உப்பு இல்லன்னா செடிச் சாம்பல், நீலத்துக்குச் செம்பு. பிசைஞ்சா களிமண் மாதிரி வளையாது, விண்டு போகும். அதனால நூல் மேலயோ புல்தண்டு மேலயோ பிடிச்சுக் காய வைப்பாங்க. காயும்போது உப்பு தண்ணியோட மேல வந்து, சுவர்ல பூக்குற மாதிரி பூக்கும். 800லேருந்து 1000 டிகிரி சூட்டுல அந்தப் பூப்பு உருகி மெருகாயிடும், தண்டு எரிஞ்சு துளை விழும். காயுறப்ப கை பட்டா உப்பு உதிர்ந்து அந்த இடம் சொரசொரன்னு நிக்கும். தரையில படுத்த பக்கமும் காத்து படாததால மொட்டையாத்தான் இருக்கும். நல்ல அடையாளம் அது!

இப்ப துளை விளிம்பு. மெருகு தேய்ஞ்ச இடத்துல சீனி மாதிரி வெள்ளைக் குருணை தெரிஞ்சா ஃபையான்ஸ். உள்வரைக்கும் ஒரே பளபளப்புன்னா கண்ணாடி. அதுல குமிழிகளைத் தேடுங்க. துளையோட திசையிலயே நீண்டு கிடந்தா, குழாயா இழுத்து நறுக்கின மணி. துளையைச் சுத்தி வளைஞ்சிருந்தா, கம்பியில சுத்தின மணி. நம்ம பக்கத்து மணிகள் இழுத்த வகை, பெரும்பாலும் 6 மில்லிமீட்டருக்குள்ள. நறுக்கின கூர்விளிம்பு மழுங்கத் திரும்பவும் சூடாக்கியிருப்பாங்க.

கோத்த நூலை வச்சு மட்டும் காலம் சொல்லிடாதீங்க. பழைய மணியைப் புது நூல்ல கோக்குறது சர்வசாதாரணம்.

ஃபையான்ஸைத் தண்ணியில ஊறப் போடவே போடாதீங்க. உள்ள தங்கின உப்பு கரைஞ்சு, திரும்பக் காயுறப்ப மெருகைத் தள்ளி உரிச்சிடும். கண்ணாடி மேல வானவில் மாதிரி மினுங்குற ஏடு அழுக்கில்ல, அந்தக் கண்ணாடியோட தோலே அதுதான். சுத்தம் பண்ண வினிகர் வேண்டாம், ஒலி அதிர்வால கழுவுற அல்ட்ராசோனிக் மெஷினும் வேண்டாம். காஞ்ச மெல்லிசு பிரஷ் போதும். கோக்குறதுக்கு இரும்புக் கம்பி வேண்டாம், துளையை அறுத்துடும். பருத்தி நூல் எடுங்க, ரெண்டு மணிக்கு நடுவுல ஒரு முடிச்சு போடுங்க.