பஃபெட்டை உயர்த்தியது பொறுமையே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். "அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் செல்வத்துக்குப் பெரிதும் காரணம் அறிவுக்கூர்மையா, பொறுமையா?" என்ற தலைப்பில், பொறுமையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். பதினோரு வயதிலேயே பங்கு வாங்கிய பையன், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதலீட்டு ஆசான் பெஞ்சமின் கிரஹாமிடம் படித்த மாணவர், அந்த மூளைதான் சம்பாதித்தது என்றார். அந்தப் பதினோரு வயதுக் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டாரே! மீதியை நான் சொல்கிறேன். 1942-இல் சிட்டீஸ் சர்வீஸ் பங்கை 38 டாலருக்கு வாங்கினார், தனக்கு மூன்று, அக்காவுக்கு மூன்று. விலை 27-க்கு இறங்கியது. மறுபடி 40-ஐத் தொட்டதும் விட்டால் போதும் என்று விற்றுவிட்டார். அப்புறம் அதே பங்கு 200 டாலருக்குப் போனது. தேர்ந்தெடுத்தது சரியான பங்குதான், ஐயா. கையில் நின்றதோ பங்குக்கு இரண்டு டாலர்.

சரி, அது சிறுவயது. வளர்ந்தவர்களையே எடுத்துக்கொள்வோம். 1984-இல் கொலம்பியாவில் பேசிய பஃபெட், தன்னைப் போலவே சந்தையை வென்ற நண்பர்களின் கணக்கை வெளியிட்டார். அதில் ரிக் கெரின் என்பவரின் முதலீடு 1965 முதல் 1983 வரை ஆண்டுக்குச் சராசரியாக 32.9 சதவீதம் வளர்ந்திருந்தது. 1957 முதல் 1969 வரை பஃபெட் நடத்திய கூட்டு நிறுவனத்தின் வளர்ச்சி 29.5 சதவீதம்தான். அறிவில் யார் குறைந்தவர்? ஆனால் கெரின் கடன் வாங்கியும் பங்கு வாங்கியவர். 1973-இல் 42 சதவீதம், மறு ஆண்டே 34 சதவீதம் என்று அடுத்தடுத்து அடி. கடனை அடைக்க, தன்னிடமிருந்த, பஃபெட் நடத்திய கம்பெனியான பெர்க்‌ஷயர் பங்குகளை 40 டாலருக்கும் கீழே பஃபெட்டிடமே விற்றார் என்று முதலீட்டு வட்டாரத்தில் சொல்வார்கள். அந்தப் பங்கு ஒன்றின் விலை பிற்பாடு 7 லட்சம் டாலரைத் தாண்டியது.

அடுத்து இன்சூரன்ஸ். பஃபெட் கோட்டையின் அஸ்திவாரமே அதுதான். 1967-இல் ஒமாஹா நகரின் நேஷனல் இண்டெம்னிட்டி கம்பெனியை 86 லட்சம் டாலருக்கு வாங்கினார். பிரீமியம் இன்று வருகிறது, இழப்பீடு எப்போதோ கொடுக்க வேண்டியிருக்கிறது. நடுவில் கையில் நிற்கும் பணத்தை முதலீடு செய்யலாம். 2023 முடிவில் பெர்க்‌ஷயரிடம் அப்படி நின்ற தொகை சுமார் 16,900 கோடி டாலர். "இது அறிவுதானே?" என்று எதிரணி துள்ளலாம். இந்த வசதி எல்லா இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் உண்டே! வியாபாரம் குறைந்துவிடுமோ என்ற பயத்தில் கட்டுப்படியாகாத விலைக்குப் பாலிசி விற்றுப் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

நேஷனல் இண்டெம்னிட்டி என்ன செய்தது? 1986-இல் அதன் பிரீமியம் வருமானம் 36.6 கோடி டாலர். சந்தையில் பாலிசி விலை சரிந்தபோது அது போட்டிக்குப் போகவில்லை. 1999-இல் வருமானம் 5.5 கோடியில் வந்து நின்றது. பதின்மூன்று ஆண்டுகள், நடுவர் அவர்களே! வேலை குறைந்தது என்பதற்காக ஆட்குறைப்பு இல்லை என்று ஊழியர்களுக்கு உறுதி கொடுத்திருந்தார்கள். ஏன்? வேலை போய்விடுமோ என்று பயந்தவன் எந்த பாலிசியையாவது எழுதித் தள்ளிவிடுவான். எத்தனை முதலாளிகள் சும்மா இருப்பவருக்குச் சம்பளம் கொடுத்துக் காத்திருப்பார்கள்? இந்தக் கம்பெனியின் கதையைப் படித்த பிறகுதான் எனக்கு பஃபெட் மேல் உண்மையான மரியாதை வந்தது.

கோகோ கோலா கம்பெனியின் பங்குகளை 1988-இல் வாங்கத் தொடங்கி 1994-இல் நிறுத்தினார். செலவு 130 கோடி டாலர். 1994-இல் வந்த டிவிடெண்ட், அதாவது லாபப் பங்கு, 7.5 கோடி, 2022-இல் 70.4 கோடி. நடுவில் அவர் செய்தது, விற்காமல் இருந்தது.

எதிரணியில் ஒருவர் கேட்டார்: "நஷ்டத்தில் ஓடிய பெர்க்‌ஷயர் நூற்பாலையை 1985 வரை கட்டி அழுதாரே, அதுவும் பொறுமையா?" அத்தனை காலம் வைத்திருந்தது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நூற்பாலையாக இருந்த அந்தக் கம்பெனி அவர் கைக்கு வந்த விதத்தைப் பாருங்கள். 1964-இல் ஆலைத் தலைவர், பஃபெட் வைத்திருந்த பங்குகளுக்கு ஒன்றுக்குப் பதினொன்றரை டாலர் தருவதாக வாயால் சொல்லிவிட்டு, கடிதத்தில் 12 சென்ட் சொச்சம் குறைத்து எழுதினார். விற்றுவிட்டுப் போக இருந்த பஃபெட் கோபத்தில் பங்குகளை வாங்கிக் குவித்து, ஆலையையே கைப்பற்றினார். அந்த முடிவால் இழந்தது 20,000 கோடி டாலர் என்று பின்னாளில் அவரே கணக்குச் சொன்னார். கம்பெனியின் கணக்குகளைப் படித்த அதே மூளைதான் அன்றும் இருந்தது. பொறுமைதான் இல்லை.

அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர், ரிக் கெரினுக்கு எந்த அறிவு குறைந்தது என்பதை முதலில் சொல்லிவிட்டுத் தன் பேச்சைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.