தத்துப்பிள்ளைக்கு முதலில் வேண்டியது ஒழுங்கே

நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் பாசக்காரர்களே, மட்டக்களப்புச் சபையோரே, வணக்கம்.

"தத்தெடுத்த சின்னப் பிள்ளை வீட்டில் ஒட்டிக்கொள்ளப் பெரிதும் துணைநிற்பது அன்பா, அன்றாட ஒழுங்கா?" என்பது இன்றைய தலைப்பு. ஒழுங்கே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர், "அள்ளி அணையுங்கள், பிள்ளை தானாக ஒட்டும்" என்றார். சபை கைதட்டியது, நானும் தட்டினேன். ஆனால் ஐயா, அணைத்துக்கொண்டே எவ்வளவு நேரம் நிற்பது? ஆறரைக்குப் பிள்ளைக்குப் பசிக்குமே!

அன்பில்லாமல் யாரும் தத்தெடுக்க வருவதில்லை. 1941 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க மகவேற்பு (தத்தெடுப்பு) கட்டளைச் சட்டம்கூட, பொதுவாக 25 வயது நிரம்பியிருக்கிறதா, பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவரா என்றுதான் கேட்கிறது. நன்னடத்தை உத்தியோகத்தர் வீடு பார்க்க வந்தால், பிள்ளை எங்கே படுக்கும், பகலில் யார் பார்ப்பார் என்று விசாரிப்பார். அன்பு இருக்கிறதென்று வைத்துக்கொண்டுதான் மற்றதெல்லாம் கேட்கிறார்கள். அந்த அன்பு பிள்ளைக்கு விளங்கும்படி எந்த வழியாகப் போய்ச் சேரும்? அதுதான் நம் வழக்கு.

சிறுவர் இல்லத்தில் வளர்ந்த இரண்டரை வயதுப் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். காலையில் தூக்கிய அக்கா இரவில் இருக்கமாட்டார். பக்கத்துப் பாயில் படுத்த பிள்ளை ஒருநாள் போய்விடும். ஆட்கள் மாறினார்கள், சாப்பாட்டு நேரம் மாறவில்லை. அந்தப் பிள்ளை இதுவரை நம்பக்கூடியதாக இருந்தது நேரம் ஒன்றுதான். வீட்டுக்கு வந்த அன்றே பாசத்தின் பெயரால் அதையும் பறித்துவிட்டால் பிள்ளை எதைப் பிடித்துக்கொள்ளும்?

ஆகவே, கூட்டிவரும் முன்பே இல்லத்தில் கேட்டு எழுதி வாருங்கள். எத்தனை மணிக்கு எழும்பும், எந்தப் பால்மா, எவ்வளவு தண்ணீருக்கு எத்தனை கரண்டி, லைட் எரிய நித்திரையா அணைத்தா, மலசலத்துக்கு என்ன சொல்லும், எந்தச் செல்லப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கும். முதல் இரண்டு கிழமைக்கு அதே நேரம், அதே பால்மா, அதே சவர்க்காரம். பால்மாவை மாற்றத்தான் வேண்டுமென்றால் பிறகு ஒரு வேளை ஒரு வேளையாக மாற்றலாம். பிள்ளை போர்த்துப் படுத்த துணி ஒன்றையும் கேட்டு வாங்குங்கள், தோய்க்காமல். நம் வீட்டுச் சுத்தக்காரிகளுக்கு இது பெரிய சோதனை. ஆனால் அந்த வாசம் போனால் பிள்ளைக்குத் தெரிந்தது ஒன்றும் மிஞ்சாது.

சாப்பாட்டுக்கு வருவோம், முக்கால்வாசிக் குழப்பம் அங்கேதான். பிள்ளை பிட்டை உருட்டித் தலையணைக்குக் கீழே வைக்கும். மூன்றாம் நாள் எறும்பு வரும். உடனே பெரியம்மா, "களவு பழகியிருக்கு" என்பார். களவில்லை பெரியம்மா, அடுத்த வேளை கிடைக்குமோ என்ற பயம். அடித்தால் ஒளிக்கிற இடம் மாறுமே தவிர ஒளிப்பது நிற்காது. மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு சிறுதீனி, பகலில் இரண்டரை மூன்று மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. கைக்கு எட்டும் உயரத்தில் மூடி போட்ட பெட்டி ஒன்று, அதில் இரண்டு வாழைப்பழம், நாலு விசுக்கோத்து. காலையில் பிள்ளை பார்க்கவே நிரப்ப வேண்டும். சில பிள்ளைகள் வாந்தி வரும்வரை சாப்பிடும். அதற்குச் சின்னத் தட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பரிமாறல். சட்டி கண்ணில் படட்டும். "போதும்" என்ற சொல் வேண்டாம். "இன்னும் இருக்கு மனே, நாலு மணிக்கும் இருக்கு" என்று சொல்லுங்கள், நாலு மணிக்குக் கொடுங்கள்.

எதிரணியின் அன்பு முதல் நாளே இறால், நண்டு, எருமைத் தயிர் என்று விருந்து வைக்கும். இரவு வயிற்றாலே போகும், உடம்பு தடிக்கும், எதனால் வந்ததென்று வைத்தியருக்கும் சொல்லத் தெரியாது. புதுச் சாப்பாடு ஒரு தடவைக்கு ஒன்றுதான், இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு அடுத்தது.

அடுத்தது நம் ஊருக்கே உரிய சிக்கல். மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்கு. ஒரே வளவில் அம்மம்மா, பெரியம்மா, சின்னம்மா. பிள்ளை எல்லாரிடமும் தாவும், சிரிக்கும். "என்ன வடிவா ஒட்டுது கா!" என்று மகிழ்கிறோம். யாரைக் கண்டாலும் போகிற பிள்ளை இன்னும் ஒருவரிடமும் ஒட்டாமலே இருக்கலாம். தனக்கென்று ஒருவர் இருப்பார் என்பது அதற்குத் தெரியாமல் இருக்கலாம். முதல் இரண்டு மூன்று மாதம் ஊட்டுவது, குளிக்க வார்ப்பது, நித்திரையாக்குவது, அழுகை ஆற்றுவது நான்கும் தாய் தகப்பன் கையால் மட்டும் நடக்கட்டும். மற்றவர்கள் விளையாட்டுக் காட்டலாம். பிள்ளை விழுந்து அம்மம்மாவிடம் ஓடினால், அவர் தூக்கித் தாயின் மடியில் கொண்டுபோய் விடவேண்டும். அம்மம்மாவுக்கு மனம் நோகும்தான். முன்கூட்டியே சொல்லி, மீன் ஆய்கிற வேலையை அவர் பொறுப்பில் விடுங்கள், வீடும் நடக்கும்.

வேலைக்குப் போகும்போது பின்கதவால் நழுவுகிறோம், அழுமே என்ற அன்பில்! சொல்லாமல் காணாமற் போனவர்களை நிறையப் பார்த்த பிள்ளை அது. மறுநாள் தொடக்கம் நீங்கள் மலசலகூடத்துக்குப் போனாலும் கதவில் வந்து நிற்கும். "அப்பா போறன், நீ பின்னேரத் தேத்தண்ணி குடிக்கக்குள்ள வருவன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிப் போங்கள். மணி அதற்கு விளங்காது, தேத்தண்ணி விளங்கும். அழத்தான் செய்யும். திரும்பி வருகிறவர் என்று தெரிந்தபின் அழுகை குறையும்.

பிழை செய்தால், "திருப்பிக் கொண்டுபோய் விட்டிருவன்" என்ற சொல் பகிடிக்கும் வாயில் வரக்கூடாது. தனி அறையில் பூட்டுவதும் வேண்டாம். பக்கத்தில் கதிரை போட்டு உட்கார வைத்து நீங்களும் உட்காருங்கள். தடுப்பூசி அட்டையை முதல் கிழமையே குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள்: 9 மாதத்தில், 12 மாதத்தில், 18 மாதத்தில் போட்டது பதிவாகியிருக்கிறதா, விடுபட்டதை எப்போது போடுவது என்று அவர் பார்ப்பார்.

"இது வீடா, முகாமா?" என்று எதிரணி கேட்கும். கால் மணி நேரம் முந்திப் பிந்தினால் ஒன்றும் ஆகாது. வரிசை மாறாவிட்டால் போதும். ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் சனத்துக்குள் முதல் வருடம் கொண்டுபோகாதீர்கள். சொந்தக்கார வீட்டில் தங்க நேர்ந்தால் சாப்பாட்டுப் பெட்டியும் அந்தத் தோய்க்காத துணியும் கூடவே போகட்டும்.

மணி அடிக்கப் போகிறது. அடுத்துப் பேசவரும் எதிரணித் தோழருக்கு ஒரு கேள்வி. இரவு இரண்டு மணி. பிள்ளை அலறி எழும்புகிறது. நுளம்பு வலையைக் கண்டு பயப்படுகிறது, தூக்கினால் உதைக்கிறது. எங்கள் அணியின் விடை இது: பெரிய லைட் போடக்கூடாது, முற்றத்துக்குத் தூக்கிப் போகக்கூடாது, வலையை விலக்கிப் பக்கத்தில் படுத்து, ஏழரைக்கு நித்திரையாக்கப் பாடிய அதே தாலாட்டை அதே குரலில் பாட வேண்டும், மறுநாள் பகலில் வலைக்குள் வைத்து விளையாட்டுக் காட்ட வேண்டும். உங்கள் அன்பு அந்த இரண்டு மணிக்கு என்ன செய்யும்? படிப்படியாகச் சொல்லுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறோம்.