ஹெய்ன்ஸிலிருந்து ஸ்காக்வே: கடல் வழியாகப் போய் மலை ரயில் ஏறுங்கள்

வணக்கம் நேயர்களே. அலாஸ்கா போகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் பெரிய சொகுசுக் கப்பலில் போய், அது நிற்கிற ஊர்களில் சில மணி நேரம் இறங்கி, படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள்தான். அதுவும் ஒரு வழி, குறை சொல்லவில்லை. ஆனால் ஹெய்ன்ஸ் என்ற சின்ன ஊரில் தங்கி, காலையில் ஃபெர்ரி பிடித்து ஸ்காக்வே போய், அங்கே மலை ரயில் ஏறி, சாயங்காலம் திரும்பி வருகிற ஒரு நாள் பயணம் இருக்கிறதே, எனக்கு அதுதான் பிடித்தது.

இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில் கடல் வழியாக 15 மைல்தான். கார் எடுத்துக்கொண்டு ரோட்டில் போவேன் என்று பிடிவாதம் பிடித்தால் கனடாவுக்குள் நுழைந்து சுற்றிக்கொண்டு 350 மைலுக்கு மேல் ஓட்ட வேண்டும், காரணம் இடையில் நிற்கிற மலை யாருக்கும் வழி விடவில்லை. ஃபெர்ரியில் வேகப் படகு என்றால் முக்கால் மணி நேரம், அரசு நடத்துகிற கப்பல் என்றால் ஒரு மணி நேரம். அது போகிற நீர்வழி லின் கனால். பனிப்பாறைகள் குடைந்து வைத்த பள்ளத்தில் கடல் ஏறி வந்து நிற்கிறது, ஆழம் சில இடங்களில் 600 மீட்டரைத் தொடும். இரண்டு பக்கமும் மலை தண்ணீரிலிருந்து நேராக எழும்புகிறது, கரை என்று சொல்லிக்கொள்ள ஒரு துண்டு நிலம்கூட அதிகம் கிடையாது. உள்ளே உட்கார்ந்து காபி குடிக்காதீர்கள், மேல்தளத்துக்கு வந்துவிடுங்கள்.

நான் கப்பலை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், தங்கம் தேடி வந்தவர்களும் இப்படித்தான் வந்தார்கள். 1896 ஆகஸ்டில் கனடாவின் யூகான் பகுதியில், குளோண்டைக் ஆற்றில் கலக்கிற ஓர் ஓடையில் தங்கம் கிடைத்தது. ஸ்கூக்கும் ஜிம் என்ற பூர்வகுடி மனிதரும், அவருடைய சகோதரி கேட் என்ற பெண்ணும், அந்தப் பெண்ணின் கணவர் ஜார்ஜ் கார்மாக்கும், ஜிம்மின் மருமகன் டாசன் சார்லியும் கொண்ட குழு அது. செய்தி வெளியே வர ஏறத்தாழ ஒரு வருஷம் ஆனது. 1897 ஜூலையில் தங்கத்தோடு கப்பல்கள் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் சியாட்டிலுக்கும் வந்து சேர்ந்தன, அவ்வளவுதான், ஊரே கிளம்பிவிட்டது. சியாட்டில் மேயர் பதவியை ராஜினாமா செய்துவிட்டுப் புறப்பட்டார். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கிளம்பியிருப்பார்கள் என்கிறார்கள், தங்கம் கிடைத்த இடத்துக்குப் பக்கத்து ஊரான டாசன் நகரம் வரை போய்ச் சேர்ந்தவர்கள் முப்பது நாற்பதாயிரம் பேர். போய்ச் சேர்ந்தவர்களுக்கும் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை, நல்ல ஓடைகளையெல்லாம் பக்கத்தில் இருந்தவர்கள் முன்னாடியே வளைத்துப் போட்டிருந்தார்கள்.

ஸ்காக்வேயில் இறங்கியதும் எதிரே மலை. அதைத் தாண்டினால்தான் கனடா, அதற்கு அப்புறம் ஏரியும் யூகான் ஆறும், டாசனுக்கு இன்னும் 500 மைலுக்கு மேல். எல்லையில் கனடா போலீஸ்காரர்கள் ஒரு வருஷத்துக்கான சாப்பாட்டுச் சாமான் இல்லாமல் யாரையும் உள்ளே விடவில்லை. உடை, கருவி எல்லாம் சேர்த்தால் ஆளுக்கு ஒரு டன் ஆகிவிடும். ஒரு டன்னை ஒருவன் ஒரே நடையில் எப்படிச் சுமப்பான்? கொஞ்சம் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு, திரும்பி வந்து, மறுபடியும் தூக்கி, இப்படியே வாரக்கணக்கில், மாதக்கணக்கில். பக்கத்தில் டையீ என்ற ஊரிலிருந்து கிளம்புகிற சில்கூட் பாதை செங்குத்து, காசு உள்ளவர்கள் அங்கே டிலிங்கிட் என்ற பூர்வகுடி மக்களைச் சுமை தூக்க அமர்த்தினார்கள். ஸ்காக்வேயிலிருந்தே கிளம்புகிற ஒயிட் பாஸ் பாதை அவ்வளவு செங்குத்து இல்லை என்று நம்பிக் குதிரைகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். ஏறத்தாழ 3,000 குதிரைகள் அந்தப் பாதையில் செத்தன. இன்றைக்கும் அந்தப் பள்ளத்தாக்குக்கு 'செத்த குதிரைப் பள்ளம்' என்றுதான் பெயர்.

ரயில் ஓடுவது இதே பள்ளத்துக்கு மேலேதான். 1898 மே மாதம் வேலை தொடங்கி, 1899 பிப்ரவரியில் மலை உச்சியைத் தொட்டு, 1900 ஜூலையில் யூகானில் உள்ள ஒயிட்ஹார்ஸ் ஊர் வரை 110 மைல் பாதையை முடித்துவிட்டார்கள். மூன்றடி அகலக் குறுகிய தண்டவாளம், ஏனென்றால் கருங்கல் மலையில் அகலமாக வெட்ட வெட்டச் செலவு ஏறும். கயிற்றில் தொங்கியபடி பாறைக்கு வெடி வைத்தார்கள். வழியில் ஒரு பெரிய பாறைமேல் கறுப்புச் சிலுவை நட்டிருப்பதைப் பார்ப்பீர்கள், வெடித்துப் பெயர்ந்த அந்தப் பாறைக்கு அடியில் இரண்டு தொழிலாளிகள் மாட்டிக்கொண்டார்கள். கடல் மட்டத்திலிருந்து 20 மைலில் ஏறத்தாழ 3,000 அடி ஏறுகிறது ரயில். பெட்டிகளுக்கு வெளியே சின்ன மேடை உண்டு, குளிரைப் பார்க்காமல் அங்கே போய் நில்லுங்கள். கீழே பாறையை ஒட்டி ஒரு மெல்லிய கோடு தெரியும். அதுதான் அவர்கள் நடந்த பாதை.

வேடிக்கை என்னவென்றால், ரயில் தயாரானபோது தங்க ஓட்டம் முடிந்துவிட்டது. 1899-லேயே அலாஸ்காவின் மேற்குக் கரையில் நோம் பக்கம் தங்கம் என்று கேள்விப்பட்டு டாசனிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கிளம்பிவிட்டார்கள். ரயில் மட்டும் சுரங்கத் தாதை ஏற்றிக்கொண்டு 1982 வரை ஓடியது, உலோக விலை விழுந்து சுரங்கம் மூடியதும் நின்றது, 1988-ல் சுற்றுலாவுக்காகத் திரும்பவும் வந்தது. ரயில் ஸ்காக்வேயைத் தேர்ந்தெடுத்ததால் டையீ காலியானது. இப்போது அங்கே கல்லறைகளும் புல்லும்தான்.

ஸ்காக்வே ஊருக்குள் மர நடைபாதை, பழைய முகப்பு வீடுகள், எல்லாம் பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் பிரதான வீதியில் வரிசையாக நகைக்கடைகள், அவற்றில் எனக்கு ஆர்வம் இல்லை. மிஞ்சிய நேரத்தில் ஊருக்கு வெளியே உள்ள பழைய கல்லறைத் தோட்டத்துக்கு நடந்து போய்விடுங்கள். புதிதாக வந்தவர்களை ஏமாற்றியே பிழைத்த சோப்பி ஸ்மித் என்பவனும், 1898 ஜூலையில் துறைமுகத்தில் அவனோடு சுட்டுக்கொண்டு சில நாளில் இறந்த ஃபிராங்க் ரீடும் அங்கேதான் கிடக்கிறார்கள்.

சரி, போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மேலே ஏறும்போது இடப்பக்கம் உட்காருங்கள், பள்ளம் அந்தப் பக்கம்தான், இறங்கும்போது இருக்கையை மாற்றிக்கொள்ளச் சொல்வார்கள். கனடாவுக்குள் இறங்குகிற நீண்ட பயணம் எடுத்தால் பாஸ்போர்ட் வேண்டும், இந்தியப் பாஸ்போர்ட் என்றால் கனடா விசாவும் வேண்டும், அதனால் உச்சி வரை போய்த் திரும்புகிற சீட்டே போதும். அதற்கு மூன்று மணி நேரம் வைத்துக்கொண்டு, திரும்பும் ஃபெர்ரியின் நேரத்தை முதலில் பார்த்துவிட்டு, அதற்குத் தோதாக ரயில் சீட்டு வாங்குங்கள். ஜூலையாக இருந்தாலும் மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.