ஒரே கதை, மூன்று படங்கள்

அவையோருக்கு வணக்கம்.

ஓடிய படத்தையே ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் ஏன் திரும்ப எடுத்தன? கதைப் பஞ்சம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். கணக்கேட்டைப் புரட்டினால் வேறு விடை வருகிறது. கதை உரிமைக்கு ஏற்கெனவே பணம் கட்டியாயிற்று. பழைய படத்தையோ மறுபடி ஓட்ட வழியில்லை.

வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் டாஷியல் ஹாமெட்டின் 'தி மால்டீஸ் ஃபால்கன்' நாவலுக்கான பட உரிமையை 1930இல் 8,500 டாலருக்கு வாங்கியது. 1931இல் ரிக்கார்டோ கோர்ட்டெஸ் நடிப்பில் முதல் படம் வந்தது. 1934 ஜூலையில் தணிக்கை இறுகியது. படத் துறையின் தணிக்கையை நடத்திய ஜோசப் பிரீன் அலுவலகத்தின் முத்திரை இல்லாமல் பெரிய தியேட்டர் எதற்குள்ளும் படம் போக முடியாது. காணாமல்போன ஆயிரம் டாலர் நோட்டுக்காகக் கதாநாயகியை உடை களையச் செய்து சோதிக்கும் காட்சி அந்த முதல் படத்தில் உண்டு. 1936இல் மறுவெளியீட்டுக்கு அனுமதி கேட்டபோது மறுத்துவிட்டார்கள். இனி அந்தக் கதையைப் புதிதாக எடுத்தால்தான் காசு.

அதே ஆண்டு அந்தக் கதையின் இரண்டாவது படமாக 'சேட்டன் மெட் எ லேடி' வந்தது. நாவலில் எல்லோரும் தேடி அலையும் ராஜாளிச் சிலை போய் ஊதுகொம்பு. துப்பறிவாளருக்கு வேறு பெயர். மேலே நகைச்சுவைப் பூச்சு. படம் படுத்துவிட்டது. அந்த நாவலின் பலம் முடிச்சில் இல்லை, பேச்சில் இருக்கிறது என்பது என் கட்சி. 1941இல் ஜான் ஹூஸ்டன் தன் முதல் படமாக இதையே எடுத்தபோது நாவலின் வசனத்தைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டார். ரீமேக்கில் நடிக்க மாட்டேன் என்று ஜார்ஜ் ராஃப்ட் விலகியதால் வாய்ப்பு ஹம்ஃப்ரி போகார்ட்டுக்குப் போனது. ஒன்று கவனியுங்கள்: பட உரிமை வாங்கிவிட்டால் பாத்திரமும் சொந்தமாகிவிடாது. நாவலின் துப்பறிவாளர் சாம் ஸ்பேடை ஹாமெட் வேறு இடத்தில் பயன்படுத்தலாம் என்று 1954இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வார்னருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது.

மிச்சம் பிடித்தது கதையில் மட்டுமல்ல. 1930இல் வந்த 'தி டான் பேட்ரோல்' படத்தை 1938இல் திரும்ப எடுத்தபோது, விமானச் சண்டைக் காட்சிகளைப் பழைய படத்திலிருந்தே வெட்டி ஒட்டினார்கள். செலவு அதிகம் பிடிக்கும் பகுதி அதுதானே! ஆனால் வானத்தில் ஒரு விமானம், தரையில் வேறொன்று என்றால் ஒட்டு தெரிந்துவிடும்.

எம்.ஜி.எம். கதை வேறு. 'ரெட் டஸ்ட்' 1932இல் ஸ்டுடியோவுக்குள் போட்ட இந்தோசீன ரப்பர் தோட்டம், கறுப்பு வெள்ளை. 1953இல் அதுவே 'மொகாம்போ': நிஜ ஆப்பிரிக்கா, டெக்னிகலர். கதாநாயகன் இரண்டிலும் கிளார்க் கேபிள்தான், வயது மட்டும் ஐம்பதைத் தாண்டிவிட்டது. திரைக்கதையும் அதே ஜான் லீ மாஹின்.

இவ்வளவும் நடந்தது, பழைய படம் ரசிகன் கண்ணில் படாத வரை. 1956இல் வார்னர் தன் பழைய படங்களை மொத்தமாக விற்றது. அவை தொலைக்காட்சிக்குப் போயின. அங்கே 1931 'ஃபால்கன்' 'டேஞ்சரஸ் ஃபீமேல்' ஆனது. 1930 'டான் பேட்ரோல்' 'ஃப்ளைட் கமாண்டர்' ஆனது. ரீமேக்கோடு குழப்பிக்கொள்ளாதிருக்க, அசல்தான் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.