உடைந்த ஊன்றுகோலும் 78 வயதுக் கிழவரும்

நடுவர் ஐயாவுக்கும் இரண்டு அணியினருக்கும் வணக்கம். பின்னால் போண்டா போட்டுக்கொண்டிருக்கும் தன்னார்வலர்களுக்குத் தனி வணக்கம். அவ்வளவுதான், மேலே பேசினால் மணி அடித்துவிடுவார்கள்.

ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையை அமெரிக்கர்கள் அன்று அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தத்தில் எழுதியது ஆட்சிக்குப் பயந்தா, அக்கம்பக்கத்துக்குப் பயந்தா? ஆட்சிக்குப் பயந்துதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். இன்றைக்கு இந்த நாட்டில் துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்பது வேறு பட்டிமன்றம். அதற்குக் கூப்பிட்டால் நான் எந்தப் பக்கம் உட்காருவேன் என்று எனக்கே தெரியாது.

எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டுவிட்டுப் போனார். நீங்களும் கைதட்டினீர்கள். என் வீட்டம்மாவும் கைதட்டினார், இங்கிருந்து பார்த்தேன். என்ன சொன்னார்? "ஆட்சியை எதிர்க்கத்தான் ஊர்க்காரர் படை, மிலிஷியா என்கிறார்களே, அதை நம்புவது உடைந்த ஊன்றுகோலில் சாய்வது மாதிரி என்று ஜார்ஜ் வாஷிங்டனே எழுதியிருக்கிறார். அந்த உடைந்த கோலை ஊன்றிக்கொண்டு இந்த அணி மேடை ஏறியிருக்கிறது" என்றார்.

எழுதியது உண்மைதான். 1776 செப்டம்பர். விடுதலைப் போரில், நியூயார்க்கில் பிரிட்டிஷ் படையிடம் அடி மேல் அடி வாங்கிய நேரம், மனிதர் நொந்துபோய் எழுதினார். ஆனால் அதே வாஷிங்டன் ஜனாதிபதியான பிறகு, 1794-ல், சுமார் 13,000 பேர் மிலிஷியாவைக் கூட்டிக்கொண்டு பென்சில்வேனியா பக்கம் கிளம்பினாரே! உடைந்த கோல் என்றால் எதற்கையா திரும்பக் கையில் எடுத்தார்? யாரை அடக்கப் போனார் என்று எதிரணி கேட்கக் கூடாது. கேட்டால் எனக்கு நேரம் போய்விடும்.

ஊன்றுகோல் என்றதும் எனக்கு ஒரு பெரியவர் ஞாபகம் வருகிறார். ஆர்லிங்டனில் மாஸ் அவென்யூவில் டிராஃபிக்கில் நின்று திட்டியிருப்பீர்கள். அந்த ரோட்டோரம் அவருக்கு ஒரு கல் இருக்கிறது. யாராவது இறங்கிப் பார்த்தீர்களா? சாமுவேல் விட்டிமோர். 1775 ஏப்ரல் 19 அன்று அவருக்கு வயது 80 என்று கல்லில் வெட்டியிருக்கிறது. 78-தான் என்பாரும் உண்டு. நான் 78 என்றே வைத்துக்கொள்கிறேன், இரண்டு வயதுக்காக நடுவர் தீர்ப்பை மாற்றிவிடக் கூடாது.

78 வயதில் நம் அப்பா என்ன செய்வார்? "ஏசியைக் குறைடா" என்பார். இவர் என்ன செய்தார்? கான்கார்டிலிருந்து பாஸ்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் படையைக் கல் சுவருக்குப் பின்னால் நின்று எதிர்பார்த்தார். கையில் ஒரு துப்பாக்கி, இடுப்பில் இரண்டு கைத்துப்பாக்கி, ஒரு வாள். ஊன்றுகோல் இல்லை ஐயா! ஊன்றுகோல் வயசு, ஆனால் ஊன்றுகோல் இல்லை!

சிப்பாய்கள் வந்தார்கள். துப்பாக்கியால் ஒருவன். கைத்துப்பாக்கியால் இருவர். குண்டு தீர்ந்ததா, வாளை உருவினார். முகத்தில் சுட்டார்கள். கீழே விழுந்தவரைத் துப்பாக்கி முனைக் கத்தியால் குத்தினார்கள், அடித்தார்கள், செத்தான் கிழவன் என்று விட்டுவிட்டுப் போனார்கள். ஊர்க்காரர்கள் வந்து பார்த்தபோது ரத்தத்தில் கிடந்தபடியே திரும்பவும் துப்பாக்கியில் மருந்து கெட்டித்துக்கொண்டிருந்தாராம்! வைத்தியர் பார்த்துவிட்டு, பிழைக்க மாட்டார் என்று கைவிரித்தார். பெரியவர் எப்போது செத்தார் தெரியுமா? 1793-ல். பதினெட்டு வருஷம் கழித்து! வைத்தியரை நான் ஒன்றும் சொல்லவில்லை, இந்தச் சபையில் டாக்டர்கள் நிறைய இருக்கிறீர்கள்.

திரும்பச் சொல்கிறேன். முகத்தில் சூடு, உடம்பெல்லாம் குத்து, வயசு 78, அதற்கு மேல் பதினெட்டு வருஷம். இதுவா எதிரணித் தலைவரே, உடைந்த கோல்?

சரி, அந்தப் படை அன்றைக்கு எதற்கு வந்தது? பக்கத்து வீட்டுக்காரன் மாடு திருடியதாகப் புகாரா? கான்கார்டில் ஊர்க்காரர்கள் சேர்த்து வைத்திருந்த ஆயுதத்தையும் வெடிமருந்தையும் அழிக்க, பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் கேஜ் அனுப்பிய சுமார் 700 சிப்பாய்கள். அடுத்த சில நாட்களில் பாஸ்டன் மக்களிடம் கேஜ் என்ன சொன்னார்? "துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு ஊரைவிட்டுப் போகலாம்." நம்பிக் கொடுத்தார்கள். 1,778 நீளத் துப்பாக்கி, 634 கைத்துப்பாக்கி. வாங்கி வைத்துக்கொண்ட பிறகு போவதற்கான பாஸை இறுக்கிவிட்டார். கொடுத்தது போனது, ஆளும் உள்ளே. அதே ஏப்ரலில் வர்ஜீனியாவில் பிரிட்டிஷ் கவர்னர் டன்மோர் ராத்திரியோடு ராத்திரியாக வெடிமருந்தைக் கிடங்கிலிருந்து கடத்தினார்.

இதெல்லாம் அனுபவித்தவர்கள்தான், அவர்கள் பிள்ளைகள்தான், ஜேம்ஸ் மேடிசன் 1789-ல் எழுதிக் கொண்டுவந்த அந்தத் திருத்தத்தை 1791 டிசம்பர் 15-ல் சட்டமாக்கினார்கள். மொத்தமே 27 சொல். அதில் முதல் சொற்களே மிலிஷியாவைப் பற்றித்தான். இங்கிலாந்தில் 1689-லேயே இதற்கு விதை விழுந்துவிட்டது, ராஜா இரண்டாம் ஜேம்ஸ் புராட்டஸ்டன்ட்காரர்களின் ஆயுதத்தைப் பறித்த கோபத்தில். நம் பெரியவர் அந்த 1791-லும் உயிரோடு இருந்தார் என்பதை மட்டும் நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடிமைகள் கிளர்ந்தெழுவார்கள் என்ற பயம், செவ்விந்தியர் மீதான பயம் என்று எதிரணி அடுக்கியது. இல்லை என்று சொல்ல மாட்டேன். தெற்கு மாநிலங்களில் அடிமைகளை அடக்கியதே மிலிஷியாதான். 1792 மிலிஷியா சட்டம் வெள்ளைக்கார ஆண்களை மட்டுமே கூப்பிட்டது. அந்தப் பாவத்தை மறைக்க நான் வரவில்லை. ஆனால் சண்டை வெடித்தது இந்த மாசசூசெட்ஸ் மண்ணில், ஆட்சியோடு. மணி அடித்துவிட்டீர்களா ஐயா? ஒரே நிமிஷம்.

ஆக்டனில் வீடு வாங்கியவர்கள் எத்தனை பேர், கை தூக்குங்கள். வரி கட்டும் சோகம் முகத்தில் தெரிகிறது. உங்கள் ஊர்க்காரர் ஐசக் டேவிஸ். துப்பாக்கி செய்து பிழைத்தவர், வயசு 30. அதே ஏப்ரல் 19 காலை நாலு குழந்தைகளுக்கும் உடம்பு சரியில்லை, கடைக்குட்டிக்கு ஒன்றே கால் வயசு. வாசலில் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். கிளம்பியவர் திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்ததாம். "பிள்ளைகளை நல்லாப் பார்த்துக்கோ." அவ்வளவுதான் சொன்னார். கான்கார்டு வடக்குப் பாலத்தில் முதல் வரிசையில் போய் விழுந்தார். மத்தியானத்துக்கு மேல் உடல்தான் வீட்டுக்கு வந்தது.

அவர் மனைவி ஹன்னா 1835-ல், 89 வயதில், இதைச் சொன்னார். அறுபது வருஷம் கழித்தும் அந்த ஒரு வாக்கியம் மனப்பாடம். எதிரணித் தலைவர் அந்த அம்மா முன்னால் நின்று, "உங்கள் வீட்டுக்காரர் அக்கம்பக்கத்துக்குப் பயந்துதான் அம்மா துப்பாக்கி வைத்திருந்தார்" என்று சொல்லட்டும். அவர் வாயிலிருந்து அது வந்துவிட்டால், என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நான் அந்தப் பக்கம் வந்து உட்காருகிறேன். நன்றி, வணக்கம்.