தராசின் முகம் யார் பக்கம்?

(தேயிலைத் தோட்ட வெளிக்களப் பணியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இலங்கையின் ஹட்டனில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வணக்கம். உங்களில் பலர் லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்கள். நாளைக் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் உங்கள் சித்தியும் பெரியம்மாவும்கூட நீங்கள் சொல்லும் தேயிலை மலைக்குத்தான் போவார்கள். வெளியிலிருந்து வந்த தோட்ட நிர்வாகியான துரைக்கு இந்தச் சங்கடம் இல்லை. ஆனால் உங்களுக்கு இருக்கும் உரிமையும் அவருக்கு இல்லை.

மாற்றம் நம் சனத்துக்குப் புதிதல்ல. 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் தென்பட்டது. அந்தப் பயிரே அழிந்து தேயிலை வந்தது. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசிடம் போயின. 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பெனிகளிடம் வந்தது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டார்கள், வருஷம் முடியுமுன்னே எடுத்தார்கள். எதையும் மலையில் நிற்பவர்களிடம் கேட்டுச் செய்யவில்லை. அதனால்தான் “புதுசா ஒன்னு வருது” என்றதும் “இந்தத் தடவை எதைக் குறைக்கப் போறாங்க?” என்று கேட்கிறார்கள். இதைப் பிடிவாதம் என்று சொல்வோர் உண்டு. எனக்கு அது முற்றிலும் நியாயமான கேள்வியாகவே படுகிறது. அதற்குப் பதில் சொல்லாமல் ஒரு புது முறையையும் தொடங்காதீர்கள்.

டிஜிட்டல் தராசை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தொங்கு தராசில் முள் எங்கே நிற்கிறது என்று வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள். சாக்குக்கு இவ்வளவு கழிவு, ஈரக் கொழுந்துக்கு இவ்வளவு கழிவு என்று அங்கேயே வாக்குவாதம் நடக்கும். புதுத் தராசில் இலக்கம் நிறுப்பவர் பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி வைத்துவிட்டால், கருவி எவ்வளவு சரியாக இருந்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். அரை கிலோ என்பது அவர்களுக்கு வெறும் எண் அல்லவே. சில நாட்களில் முழுப் பேரா அரைப் பேரா, அதாவது முழு நாள் சம்பளமா அரை நாள் சம்பளமா, என்பதே அதில்தான் இருக்கிறது. ஆகவே தராசைத் திருப்பி வையுங்கள். எடையை உரக்கச் சொல்லுங்கள். கழிவு எவ்வளவு என்று முதல் நாளே பிரட்டில் அறிவியுங்கள். யாராவது “ஐயா, இன்னொரு தடவை நிறுங்க” என்றால் முகம் சுளிக்காமல் நிறுங்கள். முதல் வாரம் வரிசை நீளத்தான் செய்யும், நீளட்டும்.

அடுத்தது, மலையைப் பிரித்துக் குடும்பங்களிடம் ஒப்படைக்கும் முறை. வருமானம் கூடும் என்று சொல்லித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். கேட்பவரின் மனதில் ஓடுவதோ வேறு: ஊழியர் சேமலாப நிதிக்கு நிர்வாகம் போடும் 12 சதவீதம் இனியும் வருமா? கொழுந்து விழாத மாதங்களில் என்ன செய்வது? லயத்து வீடு யார் பேரில்? இதற்கெல்லாம் மேலிடத்திலிருந்து எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு பிறகு கூட்டம் போடுங்கள். பதில் வரவில்லை என்றால் “இன்னும் வரவில்லை” என்றே சொல்லுங்கள். ஆறுதலுக்காக ஒரு வாக்குறுதி கொடுத்துவிட்டு அது பொய்த்துப்போனால், அப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது.

கூட்டத்தைத் தொழிற்சங்கத் தலைவரோடு மட்டும் முடித்துவிடுவது இங்கே பழக்கம். தலைவர் அவசியம் வேண்டும். ஆனால் கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் பேசுவது மலையில், தேத்தண்ணி நேரத்தில். அங்கே போய் உட்காருங்கள். பெண்களைக் கங்காணிமாராக, வேலையை மேற்பார்ப்பவர்களாக, நியமிக்க வாய்ப்பு வந்தால் தயங்காதீர்கள்; எந்த மலையில் எத்தனை பேர் போதும் என்று அவர்களுக்குத் தெரியும்.

சரி, நான் பேசியது போதும். மலை பிரிக்கும் பேச்சு நடக்கும் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் முதலில் கேளுங்கள்.