மரமாக மாறி எதிரியை வேவு பார்த்த ஷெர்லாக் ஹோம்ஸ்!

1918. முதல் உலகப்போர். பட்டப்பகலில், ஜெர்மன் பதுங்குகுழியை நோக்கி ஒரு மரம் ஊர்ந்து போகிறது. அந்த மரம்தான் பின்னாளில் திரையில் துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸ் ஆனது. பெயர் பேசில் ராத்போன்.

பின்னணியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். 1892-ல் ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்தார், சின்ன வயதிலேயே குடும்பம் இங்கிலாந்துக்கு வந்துவிட்டது, 1911-ல் நாடக மேடை ஏறினார்.

இப்போது அந்த மரத்துக்கு வருவோம். பிரிட்டிஷ் ராணுவத்தின் லிவர்பூல் ஸ்காட்டிஷ் படைப்பிரிவில் வேவு பார்ப்பது ராத்போனின் வேலை. வழக்கமாக இருட்டில்தான் போவார்கள். இருட்டில் போனால் என்ன பெரிதாகத் தெரிந்துவிடும்? "பகலில் போகிறேன்" என்று மேலதிகாரியிடம் இவரே போய்க் கேட்டார். மரம் மாதிரி தைத்த உடை, தலையில் அப்போதுதான் பறித்த இலைதழை, முகத்திலும் கையிலும் கரி. யோசித்துப் பாருங்கள், ஒரு தும்மல் வந்தால் உயிர் போய்விடும்! ஜூன் மாதம்தான் தம்பி ஜான் போரில் இறந்திருந்தார். அடுத்த மாதமே இவர் ஜெர்மன் குழிக்குள் இறங்கி, குண்டு மழைக்கு நடுவே முள்வேலியைத் தாண்டித் திரும்பி வந்தார். வீரத்துக்கான மிலிட்டரி கிராஸ் பதக்கம் கிடைத்தது.

இன்னொரு விஷயம். பிரிட்டிஷ் ராணுவத்தில் இவர் இரண்டு முறை வாள்வீச்சு சாம்பியன். ஆனால் சினிமாவில் வில்லன் ஆயிற்றே! கதாநாயகன் எரோல் ஃப்ளின்னிடம் இரண்டு படங்களில் வாள்சண்டையில் தோற்றுச் சாகிறார். நிஜத்தில் ஜெயிக்கக்கூடியவர், தோற்பதை அவ்வளவு அழகாகச் செய்வார். எனக்கு அதுதான் பெரிய நடிப்பு.

1930-லேயே ஃபைலோ வான்ஸ் என்ற துப்பறிவாளராக நடித்துவிட்டார். 1939-ல் ஹோம்ஸ் வந்தது. 1946 வரை 14 படங்கள், எல்லாவற்றிலும் ஹோம்ஸின் நண்பர் வாட்சனாக நடித்தவர் நைஜல் புரூஸ். முதல் இரண்டும் விக்டோரியா காலத்து லண்டன். அப்புறம் யுனிவர்சல் நிறுவனம் கதையை இரண்டாம் உலகப்போர்க் காலத்துக்கு இழுத்து வந்து, ஹோம்ஸை நாஜி உளவாளிகளோடு மோதவிட்டது. வாட்சனை அசடாகக் காட்டியதில் எனக்கு வருத்தம் உண்டு. மூலக்கதையில் அவர் அப்படி இல்லை.

இரண்டாவது படத்தில் ஹோம்ஸ் மேடைப் பாடகராக வேடமிட்டு ஆடிப் பாடும் காட்சி ஒன்று வரும். மரவேடக் கதை தெரிந்த பிறகு அதைப் பாருங்கள். வேடம் போட்டு எதிரியின் கண் முன்னாலேயே போய் நிற்பது இவருக்குப் புதிதா என்ன?

ஹோம்ஸ் முத்திரை தன் மேல் ஒட்டிக்கொண்டது பிடிக்காமல் 1946-ல் விலகி, மேடைக்குத் திரும்பினார். 1948-ல் அமெரிக்க நாடக மேடைக்கான டோனி விருது. 1967-ல் மறைந்தார்.

சரி, எந்தப் படத்தில் ஆரம்பிப்பது? 1944-ல் வந்த 'தி ஸ்கார்லெட் கிளா'. கனடாவில் ஒரு கிராமம், சதுப்பு நிலத்தில் இரவில் ஒளிரும் ஓர் உருவம். கொலையாளி யார் என்று எந்த இடத்தில் கண்டுபிடித்தீர்கள்? கமெண்ட்டில் எழுதுங்கள், பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள்!